பெரிய டி

எபேன், ஏழாவது மாடி.
புயல் எச்சரிக்கை இரண்டு.
மூன்றானால் க்யூர்பிப் பஸ் ஓடாது.
எல்லாரும் போயாயிற்று; நான்
பழைய கிளைகளைக் கழித்துக்கொண்டிருக்கிறேன்.

மெயினில் சேர்ந்தவை சத்தமில்லாமல் போயின.
'சூபன்-வாட்-வரி' மட்டும் மறுத்தது:
இன்னும் இணையவில்லை.

சின்ன டி கேட்டு நிற்கும்.
பெரிய டி கேட்காது.

சூபன் பெர்த்துக்குப் போய் எட்டு மாதம்.
கடைசிக் கமிட்டில் அவன் கிறுக்கல்:
'பாதி சரி. மீதி திங்கள்.'

கீழே, கம்பியை உரசும் மயில்கொன்றையில்
ரம்பத்தோடு ஒருவன்.
வெட்டப்போகும் கிளைக்கு
முதலில் கயிறு கட்டுகிறான்,
அடிமரத்தில் இரண்டு சுற்று சுற்றி இறுக்குகிறான்.
பிறகே ரம்பம்.
கிளை விழவில்லை; இறங்குகிறது.

நானும் ஒரு டேக் கட்டினேன்,
சூபன் பெயரிலேயே.
சர்வருக்கு ஏற்றி, ஏறியதா என்று
இருமுறை பார்த்தேன்.
பிறகு பெரிய டி.

போன் அதிர்ந்தது.
மூன்று.