கதவின் அகலம்

பத்தடிக்குப் பதினான்கு.
கல்முனையில், மாடிவீட்டுத் தொகுதியின் அடியில்.
கடுதாசியில் கடை முடிந்துவிட்டது:
ஆணி பெட்டியாக இல்லை, எண்ணித்தான்.
பெயின்ற் தேத்தண்ணிக் கோப்பை அளவில்.
துளைக்கிற மெஷின் மணிக்கணக்கில் வாடகைக்கு,
இஷாவுக்குப் பிறகு தரமாட்டேன்,
சுவருக்கு அந்தப் பக்கமும் ஒரு தலையணை.

கதவு இரண்டேகால் அடி போதும் என்றேன்,
மிச்சத்தில் இன்னொரு தட்டு வரும்.

நிலை வைக்கிற அன்று
மூன்றாம் மாடி ஜெஸ்மிலா வந்தா
இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி,
நடுவில் ஒன்றுமில்லாமல்.
குசினி யன்னலின் அகலமாம்.
வீட்டில் அளவுநாடா இல்லை.
படி இறங்கி, நாய்க்கு விலகி,
ஓட்டோவுக்கு நின்று
விரல் அசையாமல் கொண்டுவந்த அகலம்.

நிலையில் முட்டினா.
கையை மடக்க மனமில்லை,
நண்டு மாதிரிப் பக்கவாட்டில் நுழைந்தா.

பாண்டிருப்புத் தச்சன் கமலேந்திரன்
வாயிலிருந்த ஆணியை எடுத்துவிட்டு
என்னைப் பார்த்தார்.
நான் தட்டுக்கு அறுத்த பலகையைப் பார்த்தேன்.

நாடாவை இழுத்துப் பிடித்தேன்:
இரண்டடி ஒன்பது அங்குலம்.
“இனிக் கையை விடலாம்.”
விடவில்லை.
“எழுதிப் போட்டீங்களா?”

இரண்டு தரம் எழுதினேன்.
ஒன்று, திரைச்சீலைக் கம்பிக்கு.