மூன்று ஊதுபத்தி

நீடாமங்கலம் ஆஸ்பத்திரி, காசநோய்ப் பிரிவு.
ஊதுபத்தி கொளுத்துகிறேன்.
சாமி படத்தைத் தேடுகிறார் குணாளன்,
விளக்கு மாட்ட வந்தவர்.
சாமிக்கில்லைங்க, காத்துக்கு.

புகை நோயாளி நாற்காலி வரை போய்
அங்கேயே நின்றது,
கடைசி பஸ்ஸை விட்டவன் மாதிரி.

வெளியே சம்பா அறுவடை.
மிஷின் கிளப்பும் தூசிக்கு அடைத்த ஜன்னல்.
ஐப்பசியில் சாரல், மார்கழியில் பனி,
மிச்ச மாதமெல்லாம் கொசு.
மூடி வைக்க எங்களுக்குக் காரணமா பஞ்சம்?

துருவேறிய தாழ்ப்பாளைச் சுத்தியலால் தட்டினார்.
இரண்டாவது பத்தி.
புகை நாற்காலியைத் தொட்டு
நேராக என் முகத்துக்கு வந்தது.
பதினோரு வருஷமாக
நான் உட்காரும் இடம்.

கொஞ்ச நேரம் இருவரும் பேசவில்லை.
பிறகு மேசையின் ஆளுக்கொரு முனை பிடித்துத் திருப்பினோம்.
மூன்றாவது பத்தி:
என் தோள், அந்த நாற்காலி, எதிர் ஜன்னல்,
அப்புறம் வெயில்.

ஏழடிக்கு மேலே ஊதா விளக்கு எரிகிறது.
அண்ணாந்து பார்க்காதீங்க, கண்ணுக்கு ஆகாது.
மேலே ஏறும் காற்றில் உள்ள கிருமியை
அது பார்த்துக்கொள்ளும்.
"கரண்ட் போனா?"
ஜன்னலைக் காட்டினேன்.

முதல் ஆள், பூதமங்கலம் ரஹ்மத் பீவி,
முந்தானைக்குள் இருமியபடி:
"பத்தி வாசனையா இருக்கே, என்ன விசேஷம்?"
இடம் மாத்தியிருக்கோம், உட்காருங்க.

பதிவேட்டில் அவர் பெயருக்குப் பக்கத்தில்
ஒரு வைக்கோல் துணுக்கு வந்து விழுந்தது.
ஊதித் தள்ள உதட்டைக் குவித்தவள்
விரலால் எடுத்துப் போட்டேன்.