வலது ஓரத்தில் ஒரு வரி

காசிமேடு ஐஸ் கம்பெனி ஆபீஸில்
மூன்று கம்ப்யூட்டர்.
மூன்றிலும் திரையின் வலது கீழ் மூலையில்
சாம்பல் நிறத்தில் ஒரு வரி
ஏழு வருடமாக நின்றது,
வாடகை பாக்கி கேட்க வந்தவர்
செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நிற்பதுபோல.

அதன்மேல் மஞ்சள் நோட்டு ஒட்டினோம்.
'வெள்ளி: அம்மோனியா சிலிண்டர்.'
உப்புக் காற்றில் நோட்டு உதிரும்.
வரி உதிராது.

ரிச்சி ஸ்ட்ரீட் பையன் ஒருவன்
இருநூறு ரூபாய்க்கு விண்டோஸ் போட்டது.
திருட்டு என்று யாரும் சொன்னதில்லை.
'போட்டுக் கொடுத்தான்' என்றோம்.
தமிழில் வினைச்சொல்லுக்குப் பஞ்சமா.

ஒருநாள் ஒழுங்காக விலை கேட்டேன்.
மூன்றுக்கும் சேர்த்து, எழுதுவது கணக்குப் போடுவது எல்லாம் சேர்த்து
லாரன்ஸ் அண்ணனிடம் சொன்னேன்.
அவர் எதையும் ஐஸ் பாராக மாற்றித்தான் யோசிப்பார்.
உதடு அசைந்தது. நின்றது.
"வருசா வருசமா?"
"வருசா வருசம்."
"ஐஸ்கூட ஒருவாட்டி வாங்கிட்டா
கரையறவரைக்கும் நம்மளுதுமா."

அன்றிரவு தண்டையார்பேட்டை
ஹவுஸிங் போர்டு மூன்றாம் மாடியில்
என் பழைய லேப்டாப்பில் முதலில் லினக்ஸ் போட்டுப் பார்த்தேன்.
பி.காம். இரண்டு பேப்பர் பாக்கி எனக்கு,
கம்ப்யூட்டர் படித்தவளில்லை.
எந்த மொழி என்று கேட்டது.
பட்டியலில் தமிழ் இருந்ததும் நெஞ்சு நிமிர்ந்து தொட்டேன்.
பிறகு 'பேஸ்ட்' எங்கே என்று மூன்று நிமிடம் தேடிவிட்டு
யாரும் பார்க்கவில்லையே என்று
இங்கிலீஷுக்கே மாற்றினேன்.

ஆபீஸில் ஞாயிற்றுக்கிழமை குடிபுகுந்தோம்,
பால் காய்ச்சாமல்.
திங்கள் காலை ஜெபராணி உட்கார்ந்தாள்.
"இன்னாக்கா இது,
பட்டன்லாம் வீடு மாத்திக்கினு போயிருக்கு."

பழைய தமிழ்க் கடிதங்களைத் திறந்தேன்.
அடைப்புக்குறியும் அரைப்புள்ளியுமாக
வலை கிழிந்து கொட்டிய சென்னாக்குன்னி மாதிரி எழுத்துகள்.
புதுசுதான் கெடுத்தது என்று எல்லோரும் திட்டினார்கள், நானும்.
பிறகு விளங்கியது.
அவை என்றைக்கும் தமிழாக இருந்ததில்லை,
ஒரே ஒரு ஃபான்ட்
தமிழ் மாதிரி வேஷம் கட்டியிருந்தது.
மீன்வளத் துறைக்குப் பதினாறு மனு.
ஒவ்வொன்றாக யூனிகோடுக்கு மாற்றினேன்.
பதிலே வராதவை. இருந்தாலும் மாற்றினேன்.

எடைச் சீட்டு அடிக்கும் டாட் மேட்ரிக்ஸ்
இரண்டு நாள் வாயே திறக்கவில்லை.
படகுக்காரர்களுக்குக் கையால் எழுதிக் கொடுத்தோம்.
வசவு வாங்கினோம், புதுப்புது வசவு.
மூன்றாம் நாள் எங்கேயோ தேடி
ஒரு சின்ன டிரைவரைக் கண்டுபிடித்தேன்.
எழுதியவர் எந்த ஊரோ.
மேலே ஒரு வரி மட்டும்:
என் பழைய பிரிண்டருக்காக எழுதினேன்,
உங்களுக்கும் ஆகலாம்.
விடிகாலை மூன்று மணிக்கு
'க்ர்ர்ர்' என்று சீட்டு வெளியே வந்தபோது
அவருக்கு நன்றி சொல்ல முகவரி இல்லை.
படகுக்கு ஐஸ் ஏற்றப் போய்விட்டேன்.

எல்லாம் ஜெயித்துவிடவில்லை.
வரி கட்டும் கையெழுத்துக் குச்சி
லினக்ஸில் செருகினால் கல்லாகக் கிடக்கிறது.
அதனால் மூன்றாம் கம்ப்யூட்டர் பழைய வீட்டிலேயே.
அதற்கு மட்டும் அண்ணன் பணம் கட்டினார், முழுசாக.
அந்த பில்லை ஃபிரேம் போடலாமா என்று கேட்டார்.
கிண்டலா இல்லையா, இன்றுவரை தெரியவில்லை.

குழாய் ஒழுகினால் கூப்பிட வீட்டுக்காரர் இல்லை இப்போது.
நானேதான் ஸ்பேனர் தேட வேண்டும்.
ஆணி அடிக்க யாரையும் கேட்கவும் வேண்டாம்.
சில ராத்திரி முதலாவது பெரிதாகத் தெரியும்,
சில ராத்திரி இரண்டாவது.

திரையின் வலது மூலை வெறிச்சென்று இருக்கிறது.
கை பழக்கம் விடவில்லை,
மஞ்சள் நோட்டை அங்கேயே ஒட்டுகிறேன்.
'வெள்ளி: அம்மோனியா சிலிண்டர்.'
அடியில் ஒளிக்க ஒன்றுமில்லை.
சிலிண்டருக்காக மட்டும் ஒரு நோட்டு.