இருபது நாள் பாக்கி

இராயக்கோட்டை தக்காளி மண்டியில்
கணக்கெழுதும் திம்மராயன்
காலிக் கூடையோடு வந்து நின்றார்.
நான் கொடுத்தனுப்பிய கூடைதான்.
உள்ளே விரித்திருந்த என் பழைய துண்டைத்
துவைத்து மடித்து வைத்திருந்தார்.

பணத்தைத் திருப்பிக் கேட்கவில்லை.
"நாங்க என்னம்மா தப்புப் பண்ணோம்?"
அதை மட்டும் கேட்டார்.

மகள் தன் ஸ்வெட்டரை விரித்துக் கொடுத்தாளாம்.
மூன்றாம் நாள் வாந்தி.
நான்காம் நாள்
தண்ணீர்க் கிண்ணத்தின் மேல் தலையைத் தொங்கவிட்டு
குடிக்காமலே உட்கார்ந்திருந்ததாம்.
ஆஸ்பத்திரி திறக்கும்வரை
வாசலில் குடும்பமே நின்றிருக்கிறது.

நான் டீ போட்டேன்.

நாற்பது நாள் குட்டி அது.
பிறந்தநாளுக்கு வேண்டும் என்றார்,
கொடுத்துவிட்டேன்.
தடுப்பூசிக்கு இருபது நாள் பாக்கி.
அந்த நான்காயிரத்தில்
கேஸ் அடுப்பு வாங்கினேன்.
டீ கொதித்தது அதில்தான்.

"நீங்க எதுவும் தப்புப் பண்ணலைங்க" என்றேன்.
உண்மைதான்.
மீதி உண்மை
அவர் பஸ் ஊர்போய்ச் சேர்ந்த பிறகுதான்
வாயில் வந்தது. போனில் சொன்னேன்.
அந்தப் பக்கம் லாரி ஹாரன்,
யாரோ தெலுங்கில் பெட்டி எண்ணும் சத்தம்.
பதினேழுவரை எண்ணினார்கள்.
"சரிம்மா" என்றார்.
எந்தச் சரி என்று இன்னும் தெரியவில்லை.

கூடப்பிறந்த மூன்றையும் தூக்கிக்கொண்டு
கிருஷ்ணகிரி கால்நடை மருத்துவமனைக்கு ஓடினேன்.
"கூடையை வீட்டுக்குள்ள விட்டீங்களா?"
விட்டிருந்தேன்.
துண்டை எரிக்கச் சொன்னார் டாக்டர்.
எரித்தேன்.
மடிப்புக் கலையாமல் எரிந்தது.

தாயையும் தராசில் வைத்தார்.
மைதா என்று பெயர், அவ்வளவு வெள்ளை.
ரோமத்தை விலக்கினால் விலா எண்ணலாம்.
"ரெண்டு வருஷத்துல எத்தனை ஈற்று?"
"நாலு."
ஓசூர்க் கடுவனுக்கு ஒவ்வொரு முறையும்
ஆயிரம் கொடுத்தேன் என்பதையும்
கேட்காமலே சொன்னேன்.
அவர் என்னைப் பார்க்காமல்
அறுவைக்குத் தேதி எழுதினார்.

மூன்றும் பிழைத்தன.
ஒன்றுக்கு மட்டும் இரண்டு நாள் உடம்பு சுட்டது;
அந்த இரண்டு இரவும்
மாம்பழக்கூழ் ஆலைச் சங்கு
எத்தனை முறை ஊதியதென்று
எனக்குத் தெரியும்.

இப்போது ஒரு பெண் அழைக்கிறாள்.
கண் நீலமா, ஞாயிற்றுக்கிழமை வரட்டுமா.
இரண்டாவது ஊசி முடியட்டும் என்கிறேன்.
எத்தனையாவது மாடி? ஜன்னலுக்கு வலை உண்டா?
ஊருக்குப் போனால் யார் பார்ப்பார்கள்?
"ஒரு பூனைக்கா இத்தனை கேள்வி" என்று சிரிக்கிறாள்.
என் கூடப் பிறந்தவர்களுக்கு
மாப்பிள்ளை பார்த்தபோதுகூட
நான் இவ்வளவு கேட்டதில்லை.

அடுப்படியில் மைதா.
வயிற்றில் தையல், கழுத்தில் பிளாஸ்டிக் கூம்பு.
சுவரில் இடிக்கிறாள்,
பின்வாங்குகிறாள்,
வாசற்படியின் அகலத்தை
மறுபடி அளந்து பார்க்கிறாள்.