ஆயில் கறை, பி-பிளாக்

லிஃப்ட் கதவில் நோட்டீஸ்.
'வண்டி எண்ணைக் குறிப்பிட விரும்பவில்லை' என்று தொடங்கி
என் வண்டி எண்ணில் முடிந்திருந்தது.
கீழே, குணபூஷணம், பொருளாளர், 2-சி.

கேஸ்கெட் இரண்டு முறை மாற்றியாயிற்று.
முதலில் பாடி மேம்பாலத்தடி மெக்கானிக்,
அப்புறம் அவனைத் திட்டிய இன்னொருவன்.
இருவருக்கும் சேர்த்து நாலாயிரத்து இருநூறு.
ஆயில் அசரவில்லை.
வால்வு கவர் விளிம்பில், டிப்ஸ்டிக் ஓரத்தில்,
இடம் கிடைத்த இடத்திலெல்லாம்
வேர்த்து வேர்த்து வழிந்தது.

இருபத்து மூன்று வயது சான்ட்ரோ.
வில்லிவாக்கத்தில் கிளம்பி
ஐ.சி.எஃப். பள்ளி வாசலில் நிற்க ஒன்பது நிமிடம்.
சாயங்காலம் அதே ஒன்பது.
சூடேறுவதற்குள் சாவியைத் திருப்பிவிடுகிறேன்.
எரிந்ததில் பிறந்த ஈரத்துக்கு
ஆவியாகிப் போக அவகாசமில்லை.
ஆயில் மூடியின் அடியில்
ஆறிய பால்காபியின் ஆடை.

புதுப்பேட்டையில்
கம்ப்ரஸர்களும் கதவுகளும் தொங்கும் சந்தில்
மூன்றாவது கேஸ்கெட் கேட்டேன்.
கல்லாவில் இருந்த நூர்ஜமீலா எடுத்துத் தரவில்லை.
"அடைக்கிறதிலேயே இருக்கீங்களே மேடம்,
உள்ள இருக்கிற காத்து எந்த வழியா போகுதுன்னு பாத்தீங்களா?"
பெருவிரல் அளவு வால்வு ஒன்றை
என் காதருகே ஆட்டினாள்.
கிலுக்.
முந்நூற்று நாற்பது ரூபாய்.
ஹோஸ் அடி கணக்கில், தனி.

ஞாயிறு மதியம், பார்க்கிங்.
மேலே யார் வீட்டிலோ குக்கர்
நாலாவது விசில் விட்டது.
பழைய ஹோஸைத் தொட்டேன்,
நமுத்த முறுக்காக இல்லை, நேற்றுச் சுட்ட முறுக்காக
நொறுங்கியது.
ஒரு துண்டு வால்வின் வாய்க்குள்.
புருவம் திருத்தும் சாமணத்தால் எடுத்தேன்
(இனி அது புருவத்துக்கு ஆகாது).
ஸ்பானருக்கு மூன்று தரம் இசையாமல்
நாலாவது தரம் முனகிக்கொண்டு கழன்றது.
ஆட்டினேன். ஊமை.
ஊதுபத்திக் குச்சியை உள்ளே விட்டுத் தள்ளினேன்.
நகர வேண்டியது நகரவில்லை.
குச்சி உடைந்தது.
நுனியில் தார் போல் கறுப்பு,
ஊதுபத்தியின் மல்லிகை வாசனையோடு.

"கறையைத் துடைக்கிறீங்களா?"
குணபூஷணம். லுங்கி, கையில் செல்போன் டார்ச்.
குடிநீர் வாரியத்தில் கசிவுப் பிரிவு என்று
கீழ்வீட்டில் சொல்லியிருக்கிறார்கள்.
பதில் சொல்லாமல் புதுக் குழாயில் புது வால்வை மாட்டி
மறுமுனையை இன்னும் கவரில் பூட்டாமல்
அவரிடம் நீட்டினேன்.
"வாயில விரலை வைங்க."
எஞ்சினை எழுப்பினேன்.

ஸ்ஸ்ஸ் என்றது.
கையை இழுத்துக்கொள்ளப் போனவர்
இழுக்கவில்லை.
ஐம்பது வயது முகம்
மீன்தொட்டியில் விரல் விட்டதுபோல் ஆனது.
"இழுக்குது," என்றார்.
"இழுக்கணும்."
"இவ்ளோ நாளா?"
"இழுக்கல. அதான் வெளிய தள்ளிச்சு."
அவர் கொஞ்ச நேரம் விரலை எடுக்கவேயில்லை.
பிறகு, பைப்லைனிலும் இப்படித்தான்,
ஏர் வால்வு செத்துப்போனால்
ஜனங்கள் ஜாயின்ட்டைத்தான் திட்டுவார்கள் என்றார்.
நோட்டீஸ் பற்றி அவரும் பேசவில்லை, நானும்.
பூட்டும்போது டார்ச்சைச் சரியான இடத்தில் பிடித்தார்.
ஒருமுறை மட்டும் என் கண்ணில்.

வண்டிக்கடியில் பிரிஜ் வந்த அட்டைப்பெட்டியை விரித்து வைத்தேன்.

திங்கள் காலை
ஒரே ஒரு சொட்டு.
பழைய ஆயில் சொட்டியதா,
புதிதாகக் கசிந்ததா தெரியவில்லை.
ஆபீஸுக்குக் கிளம்பிய குணபூஷணம்
ஹெல்மெட்டைக் கழற்றாமல் குனிந்து பார்த்தார்.
சட்டைப்பையிலிருந்து பேனா எடுத்து
சொட்டைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு
பக்கத்தில் தேதியும் நேரமும் எழுதிவிட்டு
"நாளைக்குப் பார்ப்போம்" என்றார்.