வரிசையில் நானூற்றுப் பதினாறு

கோத்தகிரியில் குளிர் இலவசம்.
அதை நம்பித்தான் போஜராஜ் அண்ணன்
ஏசி வாங்காமல் கம்பெனி தொடங்கினார்.
ஸ்வெட்டர் கடைக்கு மேலே, மாடிப்படி வளைவில்,
ஏலம் போன தேயிலை ஃபேக்டரியிலிருந்து
எடைக்கு எடுத்த கம்ப்யூட்டர்.
மூடி கழற்றியே இருக்கும்.
ஜன்னல் ஒரு சாண் திறந்திருக்கும்.

ஈரம்தான் சத்துரு.
மேகம் உள்ளே வந்து போர்டில் உட்காராமலிருக்க
பக்கத்தில் நாற்பது வாட் குண்டு பல்பு
இரவும் பகலும் எரிகிறது,
கோழிக்குஞ்சுக்கு எரிவதுபோல.
கரண்ட் போனால் லாரி பேட்டரி.
அதுவும் போனால்
ஆட்டோ ஸ்டாண்டில் எனக்குக் கடன் சொல்லத் தெரியும்.
பேக்கப் என்பது
சோற்று டப்பாவுக்குப் பக்கத்தில் துண்டில் சுற்றி
ஐந்தே முக்கால் பஸ்ஸில் என்னோடு வீடு வரும் ஹார்ட் டிஸ்க்.

முந்நூற்றுப் பன்னிரண்டு பேருக்கு இதில் விலாசம் உண்டு.
ஹோம்ஸ்டேக்காரர்கள், ஒரு கான்வென்ட்,
இலைக் கணக்கு அனுப்பும் இரண்டு ஏஜென்ட்.
மாதம் எண்பது ரூபாய். பாதிப்பேர் தருவதில்லை.

போன செவ்வாய்க்கிழமை
உலகம் எங்கள் கடிதங்களை வாங்க மறுத்தது.
எங்கள் எண்ணுக்கு அடுத்த எண்ணில்,
எந்த ஊரோ, எவனோ,
வீரிய மாத்திரை விற்றிருக்கிறான்.
அதற்காகத் தெருவையே ஒதுக்கிவைத்துவிட்டார்கள்.
இந்தத் தர்க்கம் எனக்குப் புதிதில்லை.
எஸ்டேட் லயத்து விலாசம் எழுதி
பேங்கில் லோன் கேட்டவள் நான்.

மன்னிப்புப் படிவத்தில் ஒரு கேள்வி:
உங்கள் நிறுவனத்தில் எத்தனை பேர்?
மூன்று என்று போட்டேன், பல்பைச் சேர்க்காமல்.
பதில் வரும் என்றார்கள்.
வரவில்லை.

வரிசை வளர்ந்தது.
போகாத கடிதங்கள் திரும்பத் திரும்பக் கதவைத் தட்டும்,
ஐந்து நாள். அப்புறம்
எழுதியவர் முகத்திலேயே வந்து விழிக்கும்.
புதன் நூற்றிரண்டு. வியாழன் இருநூற்று அறுபது.
போனில் சிஸ்டர் பிலோமினா:
"சிவனேஸ், அட்மிஷன் லெட்டர் ஒண்ணும் போகலையாமே?"
நெட் ஸ்லோ சிஸ்டர், என்றேன்.
போஜராஜ் அண்ணன் மாடியேறி வந்தார், எதுவும் கேட்கவில்லை,
ஜன்னலை இன்னும் கொஞ்சம் திறந்துவிட்டுப் போனார்.

வெள்ளி இரவு நானூற்றுப் பதினாறு.
டிஸ்க் தொண்ணூற்றெட்டு சதம். கடைசி பஸ் போய்விட்டது.
இடம் பண்ணலாம் என்று குப்பைப் பெட்டியைத் திறந்தேன்.
லாட்டரி, லாட்டரி, இளவரசன், முடி வளரும் எண்ணெய்,
நடுவில் அவர்கள்.
உறுதி செய்ய இங்கே அழுத்தவும். கெடு எழுபத்திரண்டு மணி நேரம்.
வந்தது செவ்வாய் இரவு பதினொன்று.
இப்போது பத்தே கால்.
நான் எழுதிய விதிதான் பிடித்துப் போட்டிருக்கிறது:
தெரியாதவன், அவசரப்படுத்துகிறான், எதையோ அழுத்தச் சொல்கிறான்.

அழுத்தினேன்.

கால் மணி நேரம் ஒன்றுமில்லை.
பிறகு ஒரு இருநூற்றைம்பது.
மெஷின் பாஷையில், வாங்கிக்கொண்டேன் என்று அர்த்தம்.
இன்னொன்று.
அப்புறம் திரை ஓட ஆரம்பித்தது,
டானிங்டன் இறக்கத்தில் பிரேக் விட்ட சைக்கிள் மாதிரி:
அட்மிஷன், அறை வாடகை, இலைக் கணக்கு,
யாரோ யாருக்கோ அனுப்பிய பூனைப் படம்.

அதில் ஒன்று என்னுடையது.
கோயம்புத்தூர் கம்பெனிக்கு வேலை விண்ணப்பம்.
கடைசித் தேதி வியாழன்.
போனில், வேறு விலாசத்திலிருந்து அனுப்பியிருக்கலாம்தான்.
எங்கள் கடிதம் போகாது என்று
நானே எப்படி ஒத்துக்கொள்வது?
ஒரு கட்டளை போட்டால் நிறுத்திவிடலாம்.
விரல் வைத்தேன்.
அதற்குள் அங்கே, ஆளில்லாத அறையில்,
ஏசி ஓடும் ஏதோ ஒரு மெஷின்
இருநூற்றைம்பது என்றது.

ஜன்னலைப் பழையபடி ஒரு சாணுக்கு இழுத்தேன்.
பல்புச் சூட்டில் இரண்டு கையையும் காட்டிக்கொண்டு
முதல் பஸ்ஸுக்கு உட்கார்ந்திருந்தேன்.