1 ஸ்ரீ 312

ஞாயிறு காலை இரணைமடுக் குளக்கட்டின் கீழ்
பதினொரு கார்கள்.
பொனெற்றைத் திறந்தால் அரசியலை மூடவேணும் என்பது
எங்களுடைய ஒரேயொரு சட்டம்.
இதுவரை ஒருவரும் கைக்கொண்டதில்லை.

கேம்பிரிட்ஜ் வைத்திருப்பவர்கள் வீட்டுக்குத்தான் போடுவினம்.
சாத்தினால் வீட்டுக் கதவின் சத்தம்,
அதுதான் காரணம் என்பார் தங்கவடிவேல்.
சைக்கிளுக்குப் போடுகிற நவம் ஓடுவது
பேஜோ நானூற்று நான்கு.
"சைக்கிள்காரன் காரிலை வாறான்" என்ற பகிடி
எட்டு வருசமாய்ப் பழுதாகாத ஒரே உதிரிப்பாகம்.
டட்சன் பெடியள் போனமுறை திசைகாட்டி.
ஏனடா என்று கேட்டால்
"வாகன இறக்குமதியைத் திறப்பாங்கள் அண்ணை."
கொள்கை விளக்கம் அவ்வளவுதான்.

நான் யாருக்குப் போடுகிறேன் என்று சொல்வதில்லை.
வாக்குச்சாவடிவரை மைனர் இரண்டாம் கியரில்தான் போகும்.
இருமி இருமி.

மைனர் எனக்குக் கிடைத்தது
முள்ளிவாய்க்காலில் குவித்த இரும்பிலிருந்து அல்ல,
இதை முதலிலேயே சொல்லியிருக்கவேணும்.
அங்கேயிருந்து வந்த கதவுக் கைபிடி ஒன்று
மரியநேசனிட்டை இருக்கிறது, துணியில் சுற்றி.
பூட்டவுமில்லை, விற்கவுமில்லை.
அவன் எந்தக் கட்சி என்று நாங்கள் கேட்பதில்லை.

மைனர் நின்றது ஒட்டுசுட்டானில், வைக்கோலுக்குள்.
பின்சீற்றில் கோழி அடை கிடந்தது.
கார்புரேற்றரில் இன்னும் மண்ணெண்ணெய் வாசம்:
போத்தல் மூடியளவு பெற்றோல் காட்டி
எழுப்பி ஓடிய வருசங்கள்.
நம்பர் தகட்டை உரசினேன்.
மேலே யாரோ அடித்த பச்சை.
பச்சைக்குக் கீழே தார்.
தாருக்குக் கீழே, வெள்ளையாய், வளைந்து,
அந்த எழுத்து.

ஐம்பத்தெட்டில் அப்பாவுக்குப் பத்தொன்பது வயது.
வவுனியா பஸ் நிலையத்தில்
தார் வாளியோடு பிடித்தார்கள்.
அவர் பூசியது இதே காரில் என்று நான் சொல்லவில்லை.
சொன்னால் நல்லாயிருக்கும்.

குருநாகலிலிருந்து சுமித் வந்தான்,
மைனரின் நரம்பு தெரிந்தவன்,
அசல் கேஸ்கற்றைத் தாளில் பொதிந்து கொண்டு.
தாரை விரலால் தொட்டுப் பார்த்தான்.
கழுவினால் இரண்டு லட்சம் கூடப் போகும் என்றான்.
பிறகு, எண்பத்தொன்பதில் தங்கள் வீட்டு மைனரை
றோட்டிலேயே வைத்துக் கொளுத்தினதாகச் சொன்னான்.
யார் என்று சொல்லவில்லை.
ஸ்பனரைக் கேட்டான். கொடுத்தேன்.

அன்றைக்குக் குளக்கட்டில் பெரிய சண்டை.
"தார்தான் அசல்" என்றார் தங்கவடிவேல்.
"எழுத்தைத் தமிழிலை எழுது" என்றான் நவம்.
"தமிழ் ஸ்ரீயும் தமிழில்லை, வடமொழி" என்றது ஒரு குரல்.
"அப்ப திரு எண்டு போடுவம், ஒண்டு திரு முன்னூற்றுப் பன்னிரண்டு!"
டட்சன் பெடியள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.
அவர்களுக்கு வாளியும் தெரியாது, மறியலும் தெரியாது,
தெரியாமலிருப்பதில் எனக்கொரு கோபம்,
கொஞ்சம் நிம்மதியும்.

கடைசியில் முன் தகட்டைக் கழுவினேன்,
வரிப்பத்திரம் எடுக்கவேணுமே.
பின் தகட்டில் கைவைக்கவில்லை.

கரடிப்போக்குச் சந்தியில் பொலிஸ் மறித்தது.
"பின் தகடு அழுக்கு. இலக்கம் தெரியேல்லை."
அறுபத்தேழு வருசத்துச் சேறு, ஐயா, என்றேன்.
சின்னப் பெடியன், சிரித்தான்.
சிரித்துக்கொண்டே எழுதினான்.

தபால் கந்தோரில் ஆயிரம் ரூபா கட்டினேன்.
அப்பாவுக்கு இரண்டு கிழமை மறியல்,
எனக்கு ஆயிரம் ரூபா.
"விலைவாசி இறங்கியிருக்கு" என்றார் தங்கவடிவேல்,
கேம்பிரிட்ஜின் கதவைச் சாத்தியபடி.